பொன்னழகியின் கரிச்சிறகு

அந்தக் காலத்தில் மலையில் இருந்த எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. மந்தி பேசும், மிளா மான் பேசும், அட்டைகூட ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் காலில் ஏறும். மழை நாளில் தவளைகளின் வாயை அடைக்க யாராலும் முடிந்ததில்லை. இத்தனை பேச்சுக்கு நடுவே, பேச வேண்டிய நேரத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் மனிதர்கள்தான். அதிலும் இரண்டு பேர். அவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த மலையில் பொன்னழகி என்றொரு வண்ணத்துப்பூச்சி இருந்தாள். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம். சின்னக் குருவிகள் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கும். முன்சிறகு, பின்சிறகு நான்கும் சுத்தப் பொன். கறுப்பு என்று ஒரு கோடு கிடையாது, ஒரு புள்ளி கிடையாது. அது அவளுக்கும் தெரியும். ஓடைக்கு மேலே வரும்போது மட்டும் வேகத்தைக் குறைத்துத் தண்ணீரில் தன்னைப் பார்த்துக்கொள்வாள். பார்த்தால் என்ன, அழகாக இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளத்தான் செய்வார்கள்.

அவள் முட்டையிடுவது பெருமருந்துக் கொடியில் மட்டும். அது கசப்புக் கொடி. ஆடு வாய் வைக்காது. ஆனால் அவள் பிள்ளைகளுக்கு அதை விட்டால் வேறு இலை தொண்டையில் இறங்காது. மற்றவர்கள் வேலியைச் சுத்தம் செய்யும்போது அந்தக் கொடியை முதலில் பிடுங்கி எறிவார்கள். நாகி என்ற பெண் மட்டும் எறியமாட்டாள். "புழு தின்னுட்டுப் போவட்டும், நமக்கு என்ன கொறஞ்சிரப் போவுது?" என்பாள். அவள் குடிசைக்குப் பின்னால் கொடி கூரை வரைக்கும் ஏறிக் கிடந்தது. பொன்னழகிக்கு நாகியிடம் அந்த நன்றி உண்டு. வந்த தொல்லை எல்லாம் அந்த நன்றியால் வந்ததுதான்.

நாகியின் கணவன் வேரன். பாறையில் இறங்கித் தேன் எடுப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. நாகியின் அண்ணன் மாசாணன். வேரன் இறங்கும்போது மேலே இருந்து கயிற்றைப் பிடிப்பவன் அவன்தான். அந்த மலையில் கயிற்றை மைத்துனன்தான் பிடிக்க வேண்டும். கூடப் பிறந்தவன் பிடித்தால் என்றைக்காவது பங்குச் சண்டை நினைவு வந்து கை தளரலாம். மைத்துனன் தன் தங்கையின் தாலிப் பாசியைத் தானே அறுப்பானா? நல்ல யோசனைதான். இதை யோசித்தவர்கள் மைத்துனன்மார்களை அதிகம் பார்த்திராதவர்களாக இருக்க வேண்டும்.

ஏனென்றால் அந்த வருடம் வேரனும் மாசாணனும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் என்ன என்று கேட்பீர்கள். கேட்காமல் இருந்தால் நல்லது, ஆனாலும் சொல்கிறேன். புதுத் தினை விருந்துக்கு மாசாணன் தங்கை வீட்டுக்கு வந்தான். கூடவே அவன் நாயும் வந்தது. முந்தின நாள் வேட்டையில் அந்த நாய் ஒரு முள்ளம்பன்றியைக் கண்டு திரும்பி ஓடி வந்திருந்தது. வேரன் சாப்பிட்டுக்கொண்டே, "நாயைச் சொல்லிக் குத்தமில்லை, வளத்தவனைப் பாத்துத்தானே வளரும்" என்றான். மாப்பிள்ளை மச்சானைக் கேலி செய்வது உலக வழக்கம். ஆனால் மாசாணன் அன்றைக்கு என்ன மனநிலையில் இருந்தானோ, பாதி இலையில் எழுந்துவிட்டான். கை கழுவவில்லை, சொல்லிக்கொள்ளவில்லை, போய்விட்டான். "எந்திரிச்சுப் போனவன் தானா வரட்டும்" என்றான் வேரன். "அவமானப்படுத்துனவன் வந்து கூப்புடட்டும்" என்றான் மாசாணன். இருவருக்கும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

நாகி இருவரிடமும் மாறி மாறி நடந்தாள். அழுதாள், திட்டினாள், ஒரு நாள் முழுக்க உலை வைக்காமலும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

இதற்குள் தேன் பருவம் வந்தது. பெரும்பாறையில் தேனடைகள் கனத்துத் தொங்கின. மழை இறங்கிவிட்டால் தேனீக்களே அதைக் குடித்துத் தீர்த்துவிடும். தேன் இல்லாவிட்டால் கீழ்நாட்டிலிருந்து உப்பு வராது, வருடம் முழுக்கச் சப்பென்று தின்ன வேண்டும். வேரன் கொடிக்கயிறு முறுக்கினான். மாசாணன் சொல்லாமலே வந்து பாறை உச்சியில் உட்கார்ந்துகொண்டான். கடமையில் குறை வைக்கமாட்டார்களாம். வாயைத் திறப்பது மட்டும்தான் முடியாதாம்.

கயிற்று வேலை முழுவதும் குரலில் நடக்கிற வேலை. இறக்கு என்றால் இறக்க வேண்டும், நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும், ஏற்று என்றால் அந்த நொடியே ஏற்ற வேண்டும். குரல் இல்லாவிட்டால் பாறையில் தொங்குகிறவன் பிணம். நாகியே போய் நின்று கத்தலாம் என்றால், தேன்பாறைக்குப் பெண்கள் போகக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. ஏன் கூடாது என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. அவள் பின்வேலிக்கு ஓடினாள்.

"அழகி, எனக்கு ஒன்னைய விட்டா யாரும் இல்ல. இவரு சொல்றத அண்ணங்கிட்டச் சொல்லு, அண்ணன் சொல்றத இவருகிட்டச் சொல்லு. மூணே சொல்லுதான். எம் புருசன் உசுரோட வீடு திரும்பணும், அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"மூணு சொல்லுதானே? போயிட்டு வரேன்" என்றாள் பொன்னழகி. ஒருத்தி அழுதுகொண்டு கேட்கும்போது வேறு என்ன சொல்வது?

வேரன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, முகத்தைத் துணியால் மூடிக் கண்ணுக்கு மட்டும் இடம் விட்டு, பச்சிலை சுற்றிய புகைப்பந்தத்தைப் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கினான். மேலே மாசாணன் மரத்தைச் சுற்றிய கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். நடுவில் பாறை வயிறு தள்ளி நின்றதால் ஒருவன் முகம் ஒருவனுக்குத் தெரியாது. ஆனால் காது? காது நன்றாகக் கேட்கும். அதுதான் இந்தக் கதையில் மனிதனால் பொறுக்க முடியாத பகுதி. ஒரு பூச்சியால் எப்படிப் பொறுக்க முடியும்?

வேரன் பாறையைப் பார்த்துச் சொன்னான்: "இன்னும் ஒரு ஆள் ஒசரம் எறக்குனா நல்லாருக்கும்னு போய்ச் சொல்லு."

சத்தமாகத்தான் சொன்னான். மேலே வரைக்கும் எதிரொலித்தது. பொன்னழகி, "அவனுக்குக் கேட்டிருக்குமே" என்றாள்.

"நான் ஒங்கிட்டத்தான் சொன்னேன்."

அவள் மேலே போனாள். "மாசாணா, இறக்கச் சொல்றான். கேட்டுச்சுல்ல?"

மாசாணன் மரத்தைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஒன்னும் கேக்கல. காத்து அடிக்குது" என்றான்.

ஒரு இலை அசையவில்லை. அவள், "இறக்கு" என்றாள். இறக்கினான். "போதுமான்னு கேட்டு வா" என்றான். அவள் கீழே போனாள். "போதும்னு சொல்லு" என்றான் வேரன். அவள் மேலே வந்தாள். "போதும்னா சரி. இடப்பக்கம் அடை பெருசா இருக்குமே, அங்க போகலியான்னு கேளு" என்றான் மாசாணன். கீழே போனாள். "எனக்குத் தெரியாத அடையான்னு கேளு" என்றான் வேரன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது ஓரிடத்தில் இருந்துகொண்டு இடி வாங்கும். இவள் பறந்து பறந்து போய் வாங்கினாள்.

முதலில் புகையைச் சுற்றிக்கொண்டு தூரமாகப் போய்த்தான் வந்தாள். சிறகு கெட்டுவிடக் கூடாதே. ஆனால் சுற்றிப் போனால் நேரமாகிறது. அதற்குள் கயிறு ஆடி வேரன் பாறையில் மோதுகிறான். அவன் "ஆ!" என்றால்கூட மாசாணன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். ஆ என்பது தனக்குச் சொன்னது இல்லையாம். வேறு வழியில்லாமல் அவள் புகைக்குள் புகுந்து நேராகப் பறக்கத் தொடங்கினாள். முன்சிறகின் ஓரம் மங்கியது.

தேனீக்களுக்கே பொறுக்கவில்லை. அடையின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு கிழத் தேனீ, "எங்க சொத்தைத் திருட வந்தவங்க, சட்டுபுட்டுனு திருடிட்டாவது போங்களேன். புகையில கண்ணு எரியுது" என்றது.

பொன்னழகி மூச்சு வாங்கப் பாறை இடுக்கில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல எண்ணத்தில் வந்த யோசனைதான், இருந்தாலும் மோசமான யோசனை. அவள் மேலே போய், "மாசாணா, வேரன் உன்னை மச்சான்னு சொன்னான். மச்சான்கிட்டச் சொல்லுன்னு சொன்னான்" என்றாள்.

மாசாணனின் முகம் இளகியது. கயிற்றைப் பிடித்த கைகூட ஒரு மாதிரி மென்மையானது. "அப்படியா சொன்னாரு மாப்ள?" என்றான்.

கீழேயிருந்து வேரன் பாறை அதிரக் கத்தினான்: "நான் அப்படிச் சொல்லல! நான் சொன்னது எறக்குன்னு மட்டும்தான்! பூச்சி பொய் சொல்லுது!"

காற்று அடிக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை என்றவனுக்கு இது மட்டும் சொல் சொல்லாகக் கேட்டது. மாசாணன் முகம் மறுபடி இறுகியது. "சேதி சொல்ல வந்தா சேதியை மட்டும் சொல்லு. சமாதானம் பண்ண ஒன்னைய யாரும் கூப்புடல" என்றான். கீழே போனால் வேரனும் அதையே சொன்னான். அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒரே கருத்து.

பொன்னழகிக்கு அழுகை வந்தது. இவர்களுக்காக ஏன் இப்படிப் பறக்கிறோம், வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. உண்மையில் கொஞ்சத் தூரம் போய்விட்டாள். அப்போது பள்ளத்தாக்கிலிருந்து நிஜமாகவே காற்று கிளம்பியது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

காற்று பந்தத்தை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்திருந்தது. பச்சிலை காய்ந்து புகை தீயாகிவிட்டது. அந்தத் தீ வேரனின் தலைக்கு மேலே கயிற்றை நக்கிக்கொண்டிருந்தது. முகத்தை மூடியிருந்த வேரன் அடையை அறுப்பதில் மும்முரமாக இருந்தான், மேலே பார்க்கவில்லை. மாசாணனுக்கோ பாறை மறைத்தது. மூன்று புரியாக முறுக்கிய கொடி. வெளிப்புரி கருகிச் சுருண்டுகொண்டிருந்தது. கீழே மரங்களின் உச்சி பாசி மாதிரி தெரிந்தது, அவ்வளவு ஆழம்.

அவள் மேலே பாய்ந்தாள். "மாசாணா, கயிறு எரியுது! ஏத்து, சீக்கிரம் ஏத்து!"

மாசாணன் அவளை ஒரு பார்வை பார்த்தான். "முன்ன மச்சான்னு சொன்ன. இப்ப எரியுதுங்கற. எரியற கயித்துல தொங்குறவனுக்கு வாய் இல்லையா? அவனைக் கூப்புடச் சொல்லு."

கீழே பாய்ந்தாள். "வேரா, உன் தலைக்கு மேல தீ! அவனைக் கூப்பிடு!"

வேரன் சிரித்தான். "என்னைய முதல்ல பேச வைக்கணும்னு அவன் சொல்லிக் குடுத்தானா? போய்ச் சொல்லு, நடக்காது."

தலையை நிமிர்த்தியிருந்தால் போதும். ஒரு விரற்கடை நிமிர்த்தியிருந்தால் போதும். நிமிர்த்தவில்லை. நிமிர்ந்து பார்த்தால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடுமாம்!

முதல் புரி அறுந்து தொங்கியது. பொன்னழகிக்குக் கோபம் வந்தது. இரண்டு பேர் மேலும் கோபம். பொய் சொன்ன தன் மேலும் கோபம். நாகி வாசலில் நின்றுகொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்தது. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன! அவள் கயிற்றை ஆறு கால்களாலும் பற்றிக்கொண்டாள். பின்சிறகுகளை உடம்போடு சேர்த்துப் பின்னால் ஒடுக்கிக்கொண்டாள். முன்சிறகுகள் இரண்டாலும் தீயை அடித்தாள்.

அடித்தாள், அடித்தாள், அடித்துக்கொண்டே திட்டினாள். வேரனைத் திட்டினாள், மாசாணனைத் திட்டினாள், கயிற்றை மைத்துனன் பிடிக்க வேண்டும் என்று சொன்ன பெரியவர்களைத் திட்டினாள். ஒவ்வொரு அடிக்கும் பொன் உதிர்ந்தது, கரி ஏறியது. ஒரு பொறி தெறித்துக் கழுத்தில் பட்டுச் சிவந்தது. சாம்பல் துகள்கள் பறந்து பின்சிறகின் ஓரத்தில் பொட்டுப் பொட்டாக ஒட்டின. வலி தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டும் அடித்தாள். கடைசியில் தீ அணைந்தது.

அது அணைந்த நேரத்தில் இரண்டாவது புரியும் அறுந்தது. கயிறு ஒரு குலுக்குக் குலுக்கி இறங்கியது. வேரன் நிமிர்ந்தான். தலைக்கு மேலே ஒற்றைப் புரியும், அதைப் பிடித்துக்கொண்டு கரிக்கட்டை போல ஒரு பூச்சியும். மேலே மாசாணனின் கையில் கயிறு துடித்தது.

"மச்சான்!"

"மாப்ளே!"

இரண்டு குரலும் பாறையின் வயிற்றில் முட்டிக்கொண்டன. அதற்குப் பிறகு யாரும் பூச்சியைத் தேடவில்லை. "மச்சான், ஏத்து மச்சான்!" என்று இவன் அலற, "விடமாட்டேன் மாப்ளே, பயப்படாத மாப்ளே!" என்று அவன் கத்த, மலை முழுவதும் கேட்டது. மாசாணன் உள்ளங்கை கிழியக் கிழிய இழுத்தான். ஒற்றைப் புரி தாங்கியது. வேரன் உச்சியில் வந்து விழுந்தான். இருவரும் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்கள். நல்லதுதான். இந்த அழுகையைக் காலையிலேயே அழுதிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

பொன்னழகி விழுந்து எழுந்து, தாழப் பறந்து, நாகியின் பின்வேலிக்கு வந்து சேர்ந்தாள். நாகிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் ஓடி வந்தாள். பூச்சியைக் கையில் ஏந்தி, ஓடைத் தண்ணீரை விரல் நுனியில் தொட்டு, முன்சிறகின் நரம்புகளை ஒட்டி மெதுவாகத் துடைத்தாள். துடைத்த இடத்தில் வெளிறிய கோடுகள் வந்தன, அவ்வளவுதான். பொன் வரவில்லை. கரி சிறகுக்குள்ளேயே இறங்கிவிட்டது. ஒடுக்கி வைத்திருந்த பின்சிறகுகள் மட்டும், ஓரத்துப் பொட்டுகள் போக, பழையபடி மின்னின.

"எம் புருசனுக்காக ஒன் அழகைக் குடுத்துட்டியே" என்று நாகி விம்மினாள். "இனி இந்த மலையில ஒன் மேல யாராவது கைய வச்சா அந்தக் கைக்கு எங் கையால சோறு கிடையாது."

பொன்னழகி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வேரனும் மாசாணனும் தோளில் கை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். இருவர் முகத்திலும் சந்தோஷம் வழிந்தது. நாகி பூச்சியைத் தோளில் வைத்துக்கொண்டு இலை போட்டாள். ஒரே இலையில் உட்கார்ந்தார்கள். இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பார்கள்.

"ஆயிரம் இருந்தாலும் என்னைய நீங்கதான மாப்ள முதல்ல கூப்புட்டீங்க" என்றான் மாசாணன், பெருமையாக.

வேரன் சோற்றை இலையிலேயே வைத்துவிட்டான். "நானா? நீங்கதான் மாப்ளேன்னு கூப்புட்டீங்க. அதுக்கப்புறம்தான் நான் மச்சான்னேன்."

"மச்சான்னு கேட்டப்புறம்தான நான் வாயே தொறந்தேன்!"

"அதெப்படி? எனக்குக் காது இல்லையா?"

நாகி தலையில் அடித்துக்கொண்டாள். இருவர் குரலும் உயர்ந்தது. மாசாணன் இலையிலிருந்து பாதி எழுந்தேவிட்டான். அப்போதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் அந்த நினைப்பு வந்தது. திரும்பி, நாகியின் தோளில் கருகிப் போய் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்கள்.

"நீ நடுவுலதான இருந்த. நீயே சொல்லு அழகி, யாரு முதல்ல கூப்புட்டது?"

பொன்னழகிக்கு அது தெரியும். உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் வேரனைப் பார்த்தாள். மாசாணனைப் பார்த்தாள். தன் முன்சிறகுகளைப் பார்த்தாள். பிறகு தன் நாக்கைச் சுருள் சுருளாகச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டு, கூரைக்கு மேலே, மூங்கிலுக்கு மேலே, மரங்களின் உச்சிக்கு மேலே பறந்து போய்விட்டாள்.

அன்று முதல்தான் பொன்னழகியின் வம்சத்துக்கு முன்சிறகு கறுப்பாகவும் பின்சிறகு பொன்னாகவும் இருக்கிறது. பெண்களுக்குப் பின்சிறகிலும் கரிப்பொட்டு உண்டு. ஆண்களுக்கு அது கிடையாது, வேலை செய்தவள் மேல்தானே கரி ஒட்டும்! அன்று முதல்தான் வண்ணத்துப்பூச்சிகள் நாக்கைச் சுருட்டியே வைத்திருக்கின்றன. பூவைக் கண்டால் நீட்டும், மனிதரைக் கண்டால் நீட்டாது. நீங்களும் அந்த மலைக்குப் போய் எவ்வளவு வேண்டுமானாலும் கெஞ்சிப் பாருங்கள், யார் முதலில் கூப்பிட்டார்கள் என்று அவள் சொல்லமாட்டாள்.